அந்த 20 டொலர் யாருடைய பெயரில் இருக்கிறது?

கேள்வி: எனக்கு வயது 29. ஸ்காபரோவில் வளர்ந்தவன். பிரின்சஸ் மார்கரெட் புற்றுநோய் மருத்துவமனைக்காக ஜூன் மாதத்தில் ரொறன்ரோவிலிருந்து நயாகரா வரை நடக்கும் இரண்டு நாள் சைக்கிள் பயணத்தில் இந்த ஆண்டு சேர்ந்திருக்கிறேன். 200 கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டும். அதற்குக் குறைந்தது 2,500 டொலர் நன்கொடை சேர்த்திருக்க வேண்டும். சைக்கிளுக்கே 2,800 டொலர் செலவழித்துவிட்டேன். இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது, சேர்ந்தது 1,430. உறவினர், நண்பர் என்று 180 பேருக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பி மூன்று முறை நினைவூட்டினேன். பெரும்பாலானோர் பதில்கூடப் போடவில்லை. இரண்டு வீடு வைத்திருக்கும் என் தாய்மாமாவே பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார். அம்மாவுக்குத் தெரிந்த மாமி ஒருவர் மட்டும் நான் கேட்காமலேயே வந்து உறையில் 20 டொலர் தந்து, கணவர் பெயரில் போடச் சொன்னார். நன்கொடை சேர்க்கும் என் இணையப் பக்கத்தில் 20 என்று விழுந்தால் பின்னால் வருகிறவர்களும் 20தான் போடுவார்கள் என்று நண்பன் சொன்னான். அதனால் அதையும் வேறு சிலர் கையில் தந்த காசையும் சேர்த்து என் பெயரில் 100 ஆகப் போட்டேன். எங்கள் சனம் கோயிலுக்கு அள்ளிக் கொடுக்கும், ஆராய்ச்சிக்கு என்றால் கையை மூடிக்கொள்ளும். இவர்களைக் கொடுக்க வைக்க என்ன வழி?

கி., ஸ்காபரோ

பதில்: தம்பி, மாமாவின் இரண்டு வீடுகளைப் பற்றிப் பிறகு பேசுவோம். உங்கள் கடிதத்தில் என்னால் தாண்டிப் போக முடியாமல் இருப்பது அந்த உறை.

ஒரு பெண் உங்கள் வீடு தேடி வந்திருக்கிறார். நீங்கள் செய்தி அனுப்பிய 180 பேரில் அவர் இல்லை. அம்மாவிடமிருந்து கேள்விப்பட்டிருப்பார். வெறும் தாளாக நீட்டாமல், காசை உறையில் வைத்துக் கொண்டுவந்தார். கணவர் பெயரில் போடச் சொன்னார். புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகும் காசைக் கணவர் பெயரில் போடு என்று ஒரு பெண் சொன்னால், அவருக்கு என்ன நடந்தது மாமி என்று கேட்க வேண்டாமா? கேட்டீர்களா? கடிதத்தில் அந்த மனிதரின் பெயர் இல்லை, நோய் இல்லை, எந்த ஆண்டு போனார் என்பதும் இல்லை. 20 என்ற எண் மட்டும் இருக்கிறது. அதுவும் உங்களுக்கு இடைஞ்சலாக வந்த எண்ணாக இருக்கிறது.

உங்கள் நண்பன் சொன்னது பொய் இல்லை. முதலில் விழுந்த தொகையைப் பார்த்துத்தான் அடுத்தவர் தன் தொகையைத் தீர்மானிக்கிறார். நன்கொடை சேர்த்துப் பழகியவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்திருந்தும் நீங்கள் செய்தது பிழை. அந்த மாமி சொல்லி அனுப்பிய பெயரை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் உங்கள் பெயரை எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பக்கத்தைத் திறக்கிறவர், நீங்கள் 100 டொலர் போட்டிருப்பதாகப் பார்க்கிறார். அந்த நூறில் உங்கள் காசு எவ்வளவு? கடிதத்தின்படி ஒரு சதமும் இல்லை. வரி ரசீது யாருக்கு வரும்? உங்களுக்கு. மாமியும் மற்றவர்களும் கொடுத்த காசுக்கு வரிச்சலுகை உங்களுக்குக் கிடைக்கும். உண்மையில் கொடுத்தவர் யாரோ அவர் பெயரில்தான் ரசீது இருக்க வேண்டும் என்பது கனடாவின் வரி விதி. நீங்கள் அதை யோசித்துச் செய்யவில்லை என்றே நம்புகிறேன். யோசிக்காமல் செய்ததையும் திருத்தத்தான் வேண்டும்.

நான் பிறந்த ஊரில் வாசிகசாலைக்குப் பிடியரிசி சேர்த்தார்கள். உலையில் அரிசி போடுவதற்கு முன் அம்மா ஒரு பிடி எடுத்து மூலையில் இருந்த முட்டியில் போடுவார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பெடியன்கள் கடகத்தோடு வருவார்கள். பிடி என்பது அவரவர் கை அளவு. வசதியான வீட்டில் ஒரு கொத்து அரிசி வந்திருக்கும், எங்கள் வீட்டில் அரைக் கொத்துக்கும் குறைவு. இரண்டும் ஒரே கடகத்தில்தான் விழும், இரண்டு வீட்டுப் பெயரும் ஒரே கொப்பியில்தான் ஏறும். சிறிய பிடியைக் கண்டால் பெரிய வீட்டுக்காரர் குறைத்துப் போடுவார் என்று யாராவது எங்கள் அரிசியை மறைத்திருந்தால், அம்மா அதற்குப் பிறகு அந்த வாசிகசாலைப் படியை மிதித்திருக்க மாட்டார்.

ஊர்க் கதை வேண்டாம் என்றால் நீங்கள் வளர்ந்த நாட்டின் கதையைச் சொல்கிறேன். டெரி ஃபொக்ஸுக்காகப் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு டொலர் நாணயம் கொண்டுபோன பிள்ளைதானே நீங்கள்? புற்றுநோயால் வலது காலை இழந்த அந்தப் பையன், 1980 ஏப்ரல் 12 அன்று நியூஃபவுண்ட்லாந்தில் ஓடத் தொடங்கி, 143 நாட்களில் 5,373 கிலோமீற்றர் ஓடினான். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் தண்டர் பே அருகே நிற்க வேண்டி வந்தது. அவன் இந்த நாட்டிடம் கேட்டது ஆளுக்கு ஒரு டொலர். அப்போது கனடாவின் சனத்தொகை ஏறத்தாழ 2 கோடி 40 இலட்சம். 1981 பெப்ரவரியில் சேர்ந்திருந்த தொகை 2 கோடி 41 இலட்சத்து 70 ஆயிரம் டொலர். அந்த ஆண்டு ஜூனில் அவன் இறந்துபோனான். இன்றும் அவன் பெயரில் நடக்கும் ஓட்டத்துக்கு நுழைவுக் கட்டணமும் இல்லை, இவ்வளவு சேர்க்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. நீங்கள் போகும் பயணத்துக்கு 2,500 என்ற நிபந்தனை இருப்பதை நான் குறை சொல்லவில்லை. 2008இலிருந்து அந்தப் பயணம் அந்த மருத்துவமனைக்குப் பெருங்காசு சேர்த்துக் கொடுத்திருக்கிறது. ஆனால் அந்த நிபந்தனையைப் பார்த்துப் பார்த்து, 20 டொலரை மறைக்க வேண்டிய பொருளாக நினைக்கும் நிலைக்கு வந்துவிட்டீர்கள்.

எங்கள் சனம் கோயிலுக்குத்தான் கொடுக்கும் என்கிறீர்கள். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கை அமைக்க 30 இலட்சம் டொலர் தேவைப்பட்டது. 2021இல் அது நிறைவேறியது. அந்தக் காசை எந்தச் சனம் கொடுத்தது? கோயிலைப் பற்றியும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அர்ச்சனைக்குப் போனால் பெயரும் நட்சத்திரமும் கேட்பார்கள். ஐயர் அந்தப் பெயரைத் தன் வாயால் சுவாமிக்கு முன் சொல்வார். சில டொலருக்கு வாங்கிய அர்ச்சனைச் சீட்டுக்கு அந்த மரியாதை கிடைக்கிறது. உங்களிடம் 20 டொலரும் ஒரு பெயரும் கொடுத்த பெண்ணுக்கு அது கிடைக்கவில்லை. கோயிலைக் குறை சொல்லும் தகுதி இந்த விஷயத்தில் உங்களுக்கு இல்லை.

இனி மாமா. அவர் வீட்டுக்குக் கடைசியாக எப்போது போனீர்கள்? கடிதத்தில் இல்லை. வீடு இரண்டு என்றால் மாதம் கட்ட வேண்டிய கடனும் இரண்டாக இருக்கலாம். ஊரில் யாருடைய படிப்புக்கு, யாருடைய மருந்துக்கு அவர் அனுப்புகிறார் என்று உங்களுக்குத் தெரியுமா? பழைய மாணவர் சங்கம், ஊர் அபிவிருத்திச் சங்கம், தெரிந்தவர் வீட்டு மரணச் செலவு என்று அவர் வயதுக்காரரின் கைபேசிக்கு வராத கோரிக்கை இல்லை. அவற்றுக்கிடையில், 179 பேருக்குப் போன அதே செய்தி மருமகனிடமிருந்தும் வருகிறது. பிறகு மூன்று நினைவூட்டல்கள், கடன்காரனுக்கு வருவதைப்போல. நானாக இருந்தாலும் பேசாமல்தான் இருந்திருப்பேன். தாய்மாமனிடம் காசு கேட்கிற மருமகன் அவர் வீட்டுக்குப் போய், கதிரையில் இருந்து, அவர் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். இது பழைய காலத்து எண்ணம் என்று நீங்கள் நினைத்தாலும் நான் மாற்றிக்கொள்ளப் போவதில்லை. உறவுக்கு உரிமை உண்டு என்றால் அந்த உரிமைக்கு ஒரு நடையும் உண்டு. போகாத வீட்டில் உரிமை கொண்டாட முடியாது.

போனால் அவர் கேட்கப்போகும் கேள்வியை இப்போதே சொல்கிறேன், பெரியவர்கள் எல்லோரும் கேட்பது: "இங்கே ஆஸ்பத்திரி இலவசம்தானே, பிறகு ஏன் காசு?" இதற்குப் பதில் தெரியாமல் யாரிடமும் போகாதீர்கள். நோயாளி படுக்கும் கட்டிலுக்கும் வைத்தியருக்கும் மாகாண அரசு கொடுக்கிறது. ஆராய்ச்சிக்கும் புதிய கருவிகளுக்கும் அந்தக் காசு போதாது. நன்கொடை பெருமளவு அங்கேதான் போகிறது. இரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல் இருப்பதை 1961இல் ஜேம்ஸ் டில், ஏர்னஸ்ட் மக்கல்லக் என்ற இருவர் நிறுவிக் காட்டியது பிரின்சஸ் மார்கரெட்டின் ஆய்வுகூடத்தில்தான். அந்த அறிவின் துணையோடு இன்றைக்கு எலும்பு மச்சை மாற்றிப் பிழைத்திருப்பவர் யாராவது உங்கள் உறவுக்குள்ளேயே இருக்கக்கூடும். மாமாவிடம் அவரைப் பற்றிப் பேசுங்கள். இரண்டு நாளில் எத்தனை கிலோமீற்றர் ஓடுவீர்கள் என்பதைக் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். தொகை எதுவும் குறிப்பிட வேண்டாம். அவர் கொடுக்கவில்லை என்றால் தேநீரைக் குடித்துவிட்டு வாருங்கள், பிறகும் ஒரு நாள் காசு கேட்காமல் போங்கள்.

மூன்று வாரத்தில் 180 வீடுகளுக்குப் போக முடியாது. பதினைந்து வீடுகளுக்குப் போகலாம். நீங்கள் போகாமல் விட்டதால் வருந்தும் வீடுகள் எவை என்று அம்மாவிடம் கேளுங்கள், சொல்வார். மற்றவர்களுக்கு நினைவூட்டலை இன்றோடு நிறுத்துங்கள். அப்படியும் குறைந்தால் மீதியை உங்கள் கையிலிருந்து போடுங்கள். சைக்கிளின் விலையை எழுதிய கடிதத்தில் உங்கள் சொந்த நன்கொடை என்று ஒரு வரியும் இல்லை. முதலில் தான் கொடுத்துவிட்டுத்தான் ஒருவர் மற்றவர் வாசலில் நிற்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த மாமியின் வீடு. நாளைக்கே போங்கள். நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள்; நண்பன் சொன்னான் என்று அவன்மேல் போடாதீர்கள். கணவரின் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று கேட்டு, அவர் சொல்லச் சொல்ல அவர் முன்னாலேயே எழுதுங்கள். பிறகு மருத்துவமனை அறக்கட்டளையின் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து, 100ஐப் பிரித்துக் கொடுத்தவர்கள் பெயரில் மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் உங்கள் சொந்தக் காசில் 20 டொலர் அந்த மனிதரின் நினைவாகப் புதிதாகப் போடுங்கள். பக்கத்தில் 20 என்றே தெரியட்டும். கையில் காசு தந்த மற்றவர்களுக்கும் இப்படித்தான். அவர்கள் பெயர்களாவது நினைவிருக்கிறதா?

புற்றுநோய் கண்டவர்கள் சைக்கிளில் மஞ்சள் கொடி கட்டிக்கொண்டு அந்தப் பயணத்தில் ஓடுவார்கள். அதையும் மாமியிடம் சொல்லுங்கள். கணவரின் பெயரை ஒரு துணியில் எழுதி உங்கள் முதுகில் குத்திக்கொண்டு ஓடலாமா என்று கேட்டுப் பாருங்கள். வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு உரிமை இருக்கிறது. சொன்னால் வற்புறுத்த வேண்டாம்.

அந்த உறையை என்ன செய்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அதன்மேல் அவர் ஏதாவது எழுதியிருந்தாரா? வீட்டில் இருந்தால் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். எறிந்துவிட்டீர்கள் என்றால் அதையும் அவரிடம் சொல்லுங்கள்.