மீன், இறால் மரபணு: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

வணக்கம். நன்னீர் மீன், இறால் மரபணு ஆராய்ச்சி பற்றிக் கேட்கலாம் என்றதும் பண்ணைக்காரர்கள், கல்லூரிப் பிள்ளைகள், வண்ணமீன் வளர்ப்பவர்கள் என்று பலரும் எழுதிவிட்டீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். ஆய்வகத்திலும் குஞ்சுப் பொரிப்பகங்களிலும் மாறி மாறி வேலை பார்த்தவள் நான். அதனால் என் பதில்கள் குட்டைப் பக்கம்தான் அதிகம் சாயும்.

மேடம், கிஃப்ட் திலேப்பியா வளர்க்கிறேன். வாங்க வருகிறவர்கள் "இது மரபணு மாற்றின மீனாமே" என்கிறார்கள். என்ன பதில் சொல்ல? (பண்ணையாளர், கிருஷ்ணகிரி)

இல்லை என்று தைரியமாகச் சொல்லுங்கள். கிஃப்ட் என்பது தேர்வு இனப்பெருக்கத்தில் மேம்படுத்திய திலேப்பியா. 1988-ல் பிலிப்பைன்ஸில் அந்த வேலை தொடங்கியது. எகிப்து, கானா, கென்யா, செனகல் நாடுகளின் மீன்களையும், இஸ்ரேல், சிங்கப்பூர், தைவான், தாய்லாந்திலிருந்து வந்த பண்ணை மீன்களையும் ஒன்றோடொன்று கலந்தார்கள். நன்றாக வளர்ந்த குடும்பங்களிலிருந்து மட்டும் தலைமுறை தலைமுறையாகத் தாய்மீன் (குஞ்சு எடுக்க வைக்கும் ஆண், பெண் மீன்கள்) எடுத்தார்கள். வெளியிலிருந்து எந்த மரபணுவையும் செலுத்தவில்லை. குஞ்சுகளை ஆணாக்க முதல் சில வாரம் தீவனத்தில் ஹார்மோன் கலப்பார்கள். அதுவும் மரபணுவைத் தொடுவதில்லை.

மரபணு மாற்றிய மீனுக்கு உதாரணம் வேண்டுமென்றால், ஜெல்லிமீனின் ஒளிரும் மரபணுவை வரிக்குதிரை மீனில் ஏற்றி 1999-ல் சிங்கப்பூரில் உருவாக்கியதைச் சொல்லலாம். உங்கள் குட்டையில் இருப்பது அந்த வகை அல்ல.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். 1952-ல் இந்தியாவுக்கு வந்து நம் ஏரிகளில் ஜிலேபி என்று பெயர் வாங்கியது மொசாம்பிக் திலேப்பியா. கிஃப்ட் வேறு இனம், ஆனால் இரண்டும் கலந்து குஞ்சு பொரிக்கும். அனுமதி கேட்பதும் வடிகாலில் வலை கட்டச் சொல்வதும் அதனால்தான்.

ஐயாயிரம் முறை யோசித்துவிட்டுக் கேட்கிறேன் மேடம். எங்கள் பொரிப்பகத்து ரோகுக் குஞ்சு முன்பு போல் வளரவில்லை என்று வாங்குகிறவர்கள் சொல்கிறார்கள். தீவனமும் தண்ணீரும் அதேதான். டிஎன்ஏ பரிசோதனைக்கு அனுப்பட்டுமா? (குஞ்சுப் பொரிப்பகம், தஞ்சாவூர்)

அனுப்பலாம். அதற்கு முன் உங்கள் தாய்மீன் கணக்கை எடுங்கள். பரிசோதனை சொல்லப்போகிற விஷயத்தில் பாதி அந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

1957-க்கு முன் ரோகு, கட்லா, மிர்கால் குஞ்சுகளை ஆற்று வெள்ளத்தில் வலை கட்டித்தான் பிடித்தார்கள். அந்தக் குஞ்சுகளுக்கு ஆற்றில் ஆயிரக்கணக்கான தாய் தகப்பன் இருந்தது. அந்த ஆண்டு மீன் விஞ்ஞானி ஹீராலால் சௌத்ரி ஒடிசாவில், மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசி போட்டுக் கெண்டை இனங்களைச் சினைவிட வைத்தார். ஜூலை 10-ஐ மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுவது அதற்காகத்தான். நம் தொழில் முழுவதும் அந்த ஊசியின் மேல் நிற்கிறது. ஆனால் அன்றிலிருந்து பத்து இருபது மீனை வைத்தே ஊருக்கெல்லாம் குஞ்சு கொடுக்க முடிந்தது. சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது.

இப்போது கணக்கைப் பாருங்கள். 45 பெண் மீனுக்கு 5 ஆண் மீன் வைத்துச் சினைவிட்டால் தொட்டியில் 50 மீன் தெரியும். மரபியல் கணக்கில் அது 50 ஆகாது. ஆண், பெண் எண்ணிக்கையைப் பெருக்கி, அதை நாலால் பெருக்கி, மொத்த எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். வருவது 18. அதாவது 18 மீன் மட்டுமே இருந்தால் எவ்வளவு நெருங்கிய உறவில் குஞ்சு பிறக்குமோ, அவ்வளவு. தலைமுறைக்குச் சுமார் 2.8 சதவீதம் உள்ளினச் சேர்க்கை, அதாவது உறவுக்குள்ளேயே குஞ்சு பிறப்பது, கூடும். வளர்ச்சி குறைவதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். அதே 50 மீனை 25-க்கு 25 என்று வைத்தால் 1 சதவீதத்தோடு நிற்கும். செலவு ஒரு ரூபாய்கூட ஏறாது.

இன்னொன்று. நாலு தலைமுறைக்கு 100 மீன் வைத்திருந்து, நடுவில் ஒரு தலைமுறையில் வறட்சியோ நோயோ வந்து 10 மீனோடு சமாளித்திருந்தால், சராசரி 82 என்றுதான் மனது கணக்குப் போடும். மரபியல் கணக்கில் குறைந்த எண்ணிக்கைக்குத்தான் கனம் அதிகம், அதனால் அது 36. அந்த ஒரு தலைமுறையில் போனது, பிறகு எத்தனை மீன் வளர்த்தாலும் திரும்பி வராது.

எண்ணிக்கையைவிட என்னை அதிகம் வருத்துவது வேறொன்று. பல இடங்களில் பெரிய மீனை முதலில் விற்றுவிடுகிறார்கள், மிச்சம் கிடப்பதைத் தாய்மீனாக்குகிறார்கள். அப்படியென்றால் மெதுவாக வளர்வதைத்தான் ஒவ்வொரு தலைமுறையும் தேர்ந்தெடுக்கிறோம். புவனேஸ்வரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தில் இதற்கு நேர்மாறாகச் செய்தார்கள். 1992-ல் நார்வேக்காரர்களோடு சேர்ந்து கங்கை, கோமதி, யமுனை, சட்லெஜ், பிரம்மபுத்திரா ஆற்று ரோகுக்களையும் பண்ணை ரோகுவையும் கலந்து, மீனுக்கு மீன் அடையாளச் சில்லு பொருத்தி, எந்தக் குடும்பம் எப்படி வளர்கிறது என்று பதிவேடு வைத்தார்கள். தொடக்கத் தலைமுறைகளில் வளர்ச்சி ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 17 சதவீதம் கூடியது. 1997-ல் சுதந்திரப் பொன்விழாவை ஒட்டி வெளியிட்டதால் அதற்கு ஜெயந்தி ரோகு என்று பெயர்.

நீங்கள் செய்ய வேண்டியது: சந்தைக்குப் போகும் முன் தாய்மீனுக்கானதைப் பிரித்துவிடுங்கள். ஆணும் பெண்ணும் சமமாக இருக்கட்டும். வேறு பொரிப்பகத்தோடு மீன் மாற்றிக்கொள்ளும்போது, அவரும் நீங்களும் ஆதியில் ஒரே இடத்தில் வாங்கியவர்களா என்று கேளுங்கள். ஒரே இடமென்றால் மாற்றிப் பலனில்லை. ரோகுவையும் கட்லாவையும் ஒரே தொட்டியில் சினைவிட வேண்டாம். இரண்டும் சேர்ந்து பிறக்கும் கலப்பு மீன் மலடாக இருப்பதில்லை. அது அடுத்த வருடத் தாய்மீன் கூட்டத்தில் கலந்துவிட்டால் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

ஊசி போட்டு இறால் எல்லாவற்றையும் ஆணாக்குகிறார்களாமே, உண்மையா? (கடலூர்)

உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது, ஆனால் ஊசி வேறு இடத்தில் விழுகிறது. ஸ்கேம்பி என்று சொல்லும் நன்னீர் இறாலில் ஆண் பெரிதாக வளரும். அதனால் எல்லாம் ஆணாக வேண்டும் என்ற ஆசை பழையது. இதன் பால் குரோமோசோம்கள் மனிதருக்கு இருப்பதுபோல் இல்லை, கோழி மாதிரி. ஆணுக்கு இரண்டு இசட், பெண்ணுக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ.

ஆண் இறாலின் ஐந்தாவது நடைக்காலின் அடியில் ஒரு சுரப்பி இருக்கிறது. அதில் சுரக்கும் இன்சுலின் போன்ற ஹார்மோன்தான் ஆண்தன்மையைத் தருகிறது. இஸ்ரேலின் பென்-குரியன் பல்கலைக்கழகத்தில் அமீர் சாகியின் குழு, இளம் ஆண் இறாலுக்கு இரட்டை இழை ஆர்என்ஏ ஊசி போட்டு அந்த ஒரு ஹார்மோனின் மரபணுவைக் கொஞ்ச காலம் அடக்கிவைத்தது. முழுமையாகப் பால் மாறி முட்டையிட்ட இறால்களை 2012-ல் அறிவித்தார்கள். இந்தப் பெண்ணுக்கு உள்ளே இருப்பது ஆணின் இரண்டு இசட். சாதாரண ஆணோடு சேர்த்தால் குஞ்சு அத்தனையும் ஆண். ஊசி தாய்க்கு மட்டும்தான், நீங்கள் வாங்கி விடும் குஞ்சுக்கு இல்லை. மரபணுவிலும் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

பிறகு அதே குழு எதிர்ப்பக்கமும் போனது. இரண்டு டபிள்யூ உள்ள பெண்களை உருவாக்கி, குஞ்சு எல்லாம் பெண்ணாகவே பிறக்கச் செய்தார்கள். ஆண் கூட்டத்தில் நீலக்கொடுக்கு ஆண் மற்றதை அடக்கிவைக்கும், அதனால் அளவு தாறுமாறாக வரும். பெண்கள் ஒரே சீராக வளரும், நெருக்கமாகவும் விடலாம். என் அபிப்பிராயத்தில் நம் குட்டைகளுக்கு இதுதான் பொருத்தம்.

இந்தியாவில் நடப்பதையும் சொல்கிறேன். குஜராத், கேரளம், ஒடிசா இறால்களைக் கலந்து 2007-லிருந்து புவனேஸ்வரத்தில் தேர்வு இனப்பெருக்கம் நடக்கிறது. குஞ்சு வாங்கும்போது அந்த வழியில் வந்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

எங்கட குளத்திலயும் இந்த இறால் குஞ்சு விடுகினம். வளருது, ஆனா பெருகேல்ல. மரபணுக் கோளாறோ அக்கா? (வவுனியா)

கோளாறு ஒன்றுமில்லை. இதன் முட்டையிலிருந்து வரும் இளம் பருவத்துக்கு உவர் நீர் வேண்டும். நன்னீரிலேயே கிடந்தால் சில நாளில் செத்துவிடும். ஆற்றில் அவை கழிமுகத்துக்குப் போய் வளர்ந்து திரும்பும். குளத்தில் அதற்கு வழியில்லை, அதனால்தான் ஒவ்வொரு முறையும் குஞ்சு விடுகிறார்கள்.

மேட்டூர்ப் பக்கம் மஹசீர் பிடிபடுகிறது. தாத்தா காலத்து மீன் இது இல்லை என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். ஒரே மீன்தானே? (ஈரோடு)

பெரியவர்கள் சொல்வதை நம்புங்கள். மஹசீர் என்பது பெரிதாக வளரும் ஆற்றுக் கெண்டை வகை. அதில் காவிரிக்கே உரிய மஹசீருக்கு முதுகு எழும்பியிருக்கும், துடுப்பு செம்மஞ்சளாக இருக்கும். உலகெங்கும் இருந்து தூண்டில்காரர்கள் காவிரிக்கு வந்தது அதற்காகத்தான். மஹசீர் குறைகிறது என்று மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் பொரித்த குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். ஆனால் அது நீலத்துடுப்பு மஹசீர், வேறு இனம். புதியது பெருகப் பெருக, பழையது ஆற்றிலிருந்து மறைந்துகொண்டே வந்தது. மொத்தத்தில் மஹசீர் கிடைத்ததால் கொஞ்ச காலம் பழையது மறைவது கண்ணுக்கே தெரியவில்லை.

அதைவிட வேதனை, பழைய மீன் எந்த இனம் என்றே உறுதிப்படாமல் இருந்தது. 2007-ல் கேரளத்தின் பாம்பாற்றில், அதுவும் காவிரிக்கு வரும் நீர்தான், டோர் ரெமாதேவி என்று ஓர் இனத்தை விவரித்திருந்தார்கள். உடலமைப்பையும் டிஎன்ஏவையும் ஒப்பிட்டு, காவிரியின் முதுகெழும்பிய மஹசீர் அதுவேதான் என்று 2018-ல் நிறுவினார்கள். இனம் உறுதியான பிறகுதான், அழிவின் விளிம்பில் உள்ள உயிர்களைக் கணக்கெடுக்கும் ஐயுசிஎன் என்ற பன்னாட்டு அமைப்பின் பட்டியலில் ஏற முடிந்தது. ஏறும்போதே மிக அருகிய இனம் என்ற நிலை. இன்று அதற்கு மிச்சமிருக்கிற முக்கியமான இடம் மாயாறு.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். செந்துடுப்பு மீன் சிக்கினால் தண்ணீருக்குள்ளேயே வைத்துப் படம் எடுத்துவிட்டு விட்டுவிடுங்கள். எந்த நல்ல காரணத்துக்காகவும் வெளியூர் மஹசீர்க் குஞ்சை ஆற்றில் விட உடன்படாதீர்கள்.

தானே குட்டி போடும் பளிங்கு கிரேஃபிஷ் விற்கிறார்கள். ஒன்று வாங்கினால் போதுமாம். வாங்கலாமா அக்கா? (வண்ணமீன் வளர்ப்பவர், சென்னை)

வேண்டாம் தம்பி. "ஒன்று போதும்" என்பதுதான் அதன் ஆபத்து. இறாலுக்கு உறவான, கொடுக்குள்ள நன்னீர் உயிர் இது. 1995 வாக்கில் ஜெர்மனியின் மீன்தொட்டி வியாபாரத்தில் தென்பட்டது. எல்லாமே பெண், ஆண் இல்லாமலே முட்டையிடும். 2018-ல் ஹைடல்பர்க்கில் பிராங்க் லிக்கோவின் ஆய்வுக்குழு இதன் மரபணுத்தொகுதியை, அதாவது முழு டிஎன்ஏ வாசிப்பை, வெளியிட்டது. சுமார் 350 கோடி டிஎன்ஏ எழுத்துகள், 21,000-க்கும் மேற்பட்ட மரபணுக்கள், இரண்டுக்குப் பதில் மூன்று தொகுதிக் குரோமோசோம். ஜெர்மனியில் பிடித்ததும் மடகாஸ்கரில் பிடித்ததும் ஏறக்குறைய ஒரே டிஎன்ஏ. மடகாஸ்கரில் 2007-க்கும் 2017-க்கும் இடையில் அது பரவியிருந்த பரப்பு சுமார் நூறு மடங்கானது. ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்துவிட்டது. இந்தியாவின் ஆறுகளில் இயற்கையாக எந்தக் கிரேஃபிஷும் கிடையாது. ஒரு தொட்டித் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டும்போது ஒன்று தப்பினால் போதும்.

கொளத்தூரில் வாங்கிய கப்பியில் அப்பாவின் வால் நிறம் மகனுக்கு மட்டும் வருகிறது. ஏன்?

கப்பியின் பல நிறங்கள் ஒய் குரோமோசோமில் இருக்கின்றன, அதனால் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். ஷ்மித் 1920-லும் விங்கே 1922-லும் டென்மார்க்கில் இதே மீனில்தான் இதைக் காட்டினார்கள். கலப்புச் செய்து பார்க்க ஆசையென்றால் பெண் குஞ்சுகளைச் சீக்கிரமே பிரித்துவிடுங்கள். ஒரு முறை சேர்ந்த பெண், விந்தணுவை மாதக்கணக்கில் வைத்திருந்து குட்டி போடும், அப்பா யாரென்று தெரியாது.

இறால் குஞ்சு வால் வெளுத்து, சில நாளில் தொட்டியே காலி. தண்ணீர்க் குறையா?

வெள்ளைவால் நோயாக இருக்கலாம். காரணம் ஆர்என்ஏ வைரஸ், கூடவே ஒரு மிகச் சிறிய துணை வைரஸும் இருக்கும். நம் ராணிப்பேட்டை மாவட்டம் மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரியில் இந்த நோயைப் பற்றி உலகமே மேற்கோள் காட்டும் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. பெரிய இறால் அறிகுறியே இல்லாமல் வைரஸைச் சுமந்து குஞ்சுக்குக் கொடுத்துவிடும். அதனால் குஞ்சு செத்தபின் பார்ப்பதைவிட, முட்டை இறாலைத் தொட்டிக்குள் விடுமுன், வைரஸின் ஆர்என்ஏவைக் கண்டுபிடிக்கும் ஆர்டி-பிசிஆர் பரிசோதனை பார்ப்பதே பலன் தரும்.

நான் மீன்வளக் கல்லூரி மாணவி. சந்தை மீனை டிஎன்ஏ பார்கோடால் அடையாளம் காண்பது என் திட்டப்பணி. அதோடு, மரபணுத்தொகுதித் தேர்வு என்றால் என்ன என்றும் சொல்லுங்கள் மேடம்.

பார்கோடு என்பது ஒரு சிறு டிஎன்ஏ துண்டை வாசித்து இனத்தை அடையாளம் காண்பது. அந்தத் துண்டு சுமார் 650 எழுத்து நீளம், செல்லுக்குள் ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் இருப்பது. தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியின் குஞ்சை நாட்டுக் கெளுத்தியிலிருந்து பிரிக்க நல்ல கருவி. ஆனால் மைட்டோகாண்ட்ரியா அம்மாவிடமிருந்து மட்டும் வரும். கட்லா அப்பாவுக்கும் ரோகு அம்மாவுக்கும் பிறந்த கலப்பு மீனை அது "ரோகு" என்றே சொல்லும். கலப்பைச் சந்தேகித்தால், அம்மா அப்பா இருவரிடமிருந்தும் வரும் உட்கரு டிஎன்ஏவையும் பாருங்கள். உன் திட்டப்பணியில் இந்த வரம்பைத் தெளிவாக எழுதும்மா. பலர் எழுதுவதில்லை.

மரபணுத்தொகுதித் தேர்வு என்றால் டிஎன்ஏவை வாசித்துத் தாய்மீனைத் தேர்ந்தெடுப்பது. தாய்மீனிடமே அளக்க முடியாத குணங்களுக்கு அது உதவும். நோய் தாங்குமா என்று பார்க்க நோய்க்கிருமியை ஏற்ற வேண்டும், ஏற்றிய மீனைத் தாய்மீனாக வைக்க முடியாது. அதனால் உடன்பிறப்புகளுக்கு ஏற்றிப் பார்ப்பார்கள். பழைய முறையில் ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே மதிப்பெண். ஆயிரக்கணக்கான இடங்களில் டிஎன்ஏவை வாசித்தால், அதே குடும்பத்துக்குள் எந்த மீன் நல்ல பங்கைப் பெற்றது என்றும் தெரியும். ரோகுவில் ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியா தரும் நோய்க்கு எதிராகப் புவனேஸ்வரத்தில் இந்தத் திசையில் வேலை நடந்திருக்கிறது. ரோகுவுக்குக் குரோமோசோம் 50, சாதாக் கெண்டைக்கும் மஹசீருக்கும் 100. பிந்தைய இரண்டின் தொகுதியைக் கோப்பது எவ்வளவு கடினம் என்று கணினியில் உட்கார்ந்தால் புரியும். நிரல் எழுதக் கற்றுக்கொள், கூடவே ஒரு பருவமாவது பொரிப்பகத்தில் இரவு வேலை பார்.

துடுப்புத் துண்டை எப்படிப் பாதுகாப்பது? வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பலாமா?

நகக்கண் அளவு துண்டு போதும். 95 சதவீத எத்தனாலில் போட்டு, மறுநாள் எத்தனாலை ஒரு முறை மாற்றுங்கள். ஃபார்மலினில் போடவே கூடாது, டிஎன்ஏ கெட்டுவிடும். குப்பியில் ஊர், ஆறு, தேதி, மீனின் நீளம் எழுதுங்கள், பென்சிலால், எத்தனால் மையை அழித்துவிடும். வெளிநாட்டுக்கு அனுப்புவதென்றால் 2002-ஆம் ஆண்டு உயிரியல் பல்வகைமைச் சட்டம் இருக்கிறது. தேசிய உயிரியல் பல்வகைமை ஆணையம் சென்னையிலேயே தரமணியில்தான். அவர்களிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.