பதில்: வீடு பாகம் பிரிச்சதுல இருந்து அண்ணன் தம்பி பேசறதில்ல

சிஸ்டர், உங்க வீட்டுக்காரரும் அவர் அண்ணனும் வீட்டுப் பாகத்துல சண்டையாகி ரெண்டு வருஷமா ஒரே சர்ச்ல பேசாம உக்காந்திருக்காங்க, நடுவுல நான் பேசலாமான்னு கேட்டிருந்தீங்க. கண்டிப்பா பேசலாம். பைபிள்ல மத்தேயு 5:9ல சமாதானம்பண்ணுகிறவர்கள்னுதான் இருக்கு, அது ஒரு வேலை, சும்மா ஆசைப்பட்டா மட்டும் போதாது.

ஆனா இவர் சொன்னத அங்க, அவர் சொன்னத இங்கன்னு தூது மட்டும் போகாதீங்க. எங்கப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் நடுவுல நான் அதத்தான் செஞ்சேன், ரெண்டு பேருக்கும் கோவம்தான் ஜாஸ்தியாச்சு. அப்புறம் ஒரு கிறிஸ்மஸுக்கு அம்மா கல்கலும் அச்சுமுறுக்கும் தூக்குல போட்டு அப்பா கையிலயே குடுத்து அனுப்புனாங்க, அப்பா அவங்க வாசல்ல செருப்பக்கூட கழட்டாம நின்னாராம், சித்தப்பாதான் வந்து தூக்க வாங்கிட்டு உள்ள வாண்ணேன்னு கூப்ட்டாரு. சொத்தப் பத்தி அன்னிக்கு ஒரு வார்த்த இல்ல.

மத்தேயு 18:15ம் சண்டை போட்டவங்க ரெண்டு பேரும் தனியா பேசறதத்தான் சொல்லுது. பங்கு கொறஞ்சவர்கிட்ட போய் விட்டுக்குடுங்கன்னு சொல்லாதீங்க ப்ளீஸ், அது அநியாயம். ரோமர் 12:18ல "உங்களாலானமட்டும்" எல்லாரோடயும் சமாதானமா இருங்கன்னுதான் இருக்கு, அவங்க மனசு மாறலன்னா அது உங்க குத்தமில்ல. மொதல்ல உங்க ஓரகத்திக்கு போன் போட்டு புள்ளைங்கள விசாரிங்க. ஜெபம் பண்ணிக்கறேன்.