அடைப்புக்குறிக்குள் போட்ட வரி

கேள்வி: பெரிய நகரம் ஒன்றின் தீயணைப்பு, மீட்புப் பணியில் மக்கள் தொடர்புப் பிரிவுக்குத் தலைமை வகிக்கிறேன். பதினான்கு மாதம் ஆகிறது. போன மாதம் ஒரு பிளாஸ்டிக் குடோனில் தீ. ஆறே நிமிடத்தில் நிருபர்கள் வாட்ஸ்அப் குழுவில் முதல் தகவல் போட்டேன். எங்கள் ஆள் ஒருவருக்குக் கையில் தீக்காயம் என்று தெரிந்ததும் பெயர், ஸ்டேஷன் எல்லாம் எழுத்துப்பிழை இல்லாமல் கொடுத்தேன். (அவர் மனைவி டி.வி. ஸ்க்ரோலில் பார்த்துவிட்டு ஸ்டேஷனுக்கு போன் செய்திருக்கிறார். அது வேறு விஷயம்.) மேலதிகாரி பாராட்டினார். ஆனால் அன்றிலிருந்து எந்த ஸ்டேஷனுக்குப் போனாலும் ஒருவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. டீ குடித்துக்கொண்டிருப்பவர்கள் எழுந்து போய்விடுகிறார்கள். பெண் என்பதால் பொறாமையா? எல்லோரையும் கூட்டிக் கலந்துரையாடல் வைக்கலாமா? தீத்தொண்டு வாரத்துக்கு ரீல்ஸ் எடுக்கவும் யோசனை சொல்லுங்கள்.

பதில்: பொறாமை எல்லாம் இல்லை. உங்கள் கடிதத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு வரி போட்டிருக்கிறீர்களே, அதைத்தான் எல்லா ஸ்டேஷனிலும் பேசிக்கொள்கிறார்கள். நீங்கள் உள்ளே வந்ததும் பேச்சு நிற்கிறது, அவ்வளவுதான்.

‘அது வேறு விஷயம்’ என்று எழுதக் கை எப்படி வந்தது? ஒரு பெண் வீட்டில் ஏதோ வேலையாக இருக்கிறாள். டி.வி. பாட்டுக்கு ஓடுகிறது. திரையின் அடியில் ஓடும் சிவப்புப் பட்டையில் தன் கணவன் பெயர் போகிறது. முழு வரியும் படிப்பதற்குள் ஓடி மறைந்துவிடுகிறது. காயமா, உயிரே போய்விட்டதா தெரியாது. அந்த வரி மறுபடி சுற்றி வரும்வரை அவள் நின்றிருப்பாளே, அதை ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்திருந்தால் அடைப்புக்குறி போட்டிருக்க மாட்டீர்கள். பிழையில்லாமல் எழுதினேன் என்கிறீர்கள். பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தால்கூட ‘இது வேறு யாரோ’ என்று கொஞ்ச நேரம் நம்பியிருப்பாள்.

உங்கள் ஆட்கள் கணக்குப் போட்டுவிட்டார்கள். இன்றைக்கு அவன் வீடு, நாளைக்கு என் வீடு. ஒருவனுக்கு அம்மா இதய நோயாளி, இன்னொருவன் மனைவி எட்டு மாதக் கர்ப்பம். அந்த வீடுகளுக்கெல்லாம் சேதி உங்கள் விரல் வழியாகப் போகும் என்றால் உங்களோடு உட்கார்ந்து டீ குடிக்க யாருக்கு மனம் வரும்?

காக்கி போட்டவன் எரிகிற கட்டடத்துக்குள் போவது, வீட்டை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில்தான். அவனுக்கு ஒன்று ஆனால் முதலில் தெரிந்துகொள்ளும் உரிமை அந்த வீட்டுக்கு. அப்புறம்தான் அமைச்சர், மேலதிகாரி, சேனல் எல்லாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

வேகமே கூடாது என்று சொல்லவில்லை. எதில் வேகம் என்பதுதான் கேள்வி. 2017 ஜூன் 14, லண்டன் கிரென்ஃபெல் டவர். 24 மாடிக் குடியிருப்பில் தீ. முதல் அழைப்பு நள்ளிரவு 12.54க்கு. ‘வீட்டுக்குள்ளேயே இருங்கள்’ என்ற வழக்கமான அறிவுரையைக் கைவிட்டது 2.47க்கு. 72 பேர் இறந்தார்கள். மக்கள் என்ன செய்ய வேண்டும் என்ற சொல் தாமதமானால் விலை அப்படி இருக்கும். அடுத்த மாதமே நம் சென்னை கொடுங்கையூரில் ஒரு பேக்கரியில் தீ. சிலிண்டர் வெடித்து ஒரு தீயணைப்பு வீரர் இறந்தார். பலருக்குக் காயம், வேடிக்கை பார்க்க நின்றவர்களும் அதில் உண்டு. ‘தள்ளிப் போங்கள்’ என்பதை ஆறு நிமிடத்தில் சொல்லுங்கள், மூன்று நிமிடத்தில்கூடச் சொல்லுங்கள். காயம்பட்டவர் பெயர் தெரிந்து பொதுமக்களில் எவர் உயிர் பிழைக்கப் போகிறது?

முதல் தகவலில் ஐந்து சங்கதி போதும். எந்த இடம், கன்ட்ரோல் ரூமுக்கு அழைப்பு வந்த நேரம், எத்தனை வண்டி போயிருக்கிறது, மக்கள் செய்ய வேண்டியது, அடுத்த தகவல் எத்தனை மணிக்கு. குடோன் தீக்கு இப்படி எழுதலாம்: “இன்ன தெரு பிளாஸ்டிக் குடோனில் தீ. பிற்பகல் 3.10க்கு அழைப்பு வந்தது. ஆறு வண்டிகள் பணியில் உள்ளன. புகை வரும் பக்கத்து வீடுகளில் ஜன்னலைச் சாத்தி உள்ளே இருக்கவும். வண்டி வர வேண்டியிருப்பதால் இன்ன சாலையில் வாகனம் நிறுத்த வேண்டாம். அடுத்த தகவல் 4 மணிக்கு.” சொன்னபடி 4 மணிக்குப் போடுங்கள், புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும். நேரம் சொல்லிவிட்டால் நிருபர்கள் நூறு முறை போன் செய்ய மாட்டார்கள். காரணம் சொல்லாதீர்கள். ‘மின்கசிவு என்று கூறப்படுகிறது’ என்ற வரியை உங்கள் அகராதியிலிருந்தே எடுத்துவிடுங்கள். தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கும்போதே காரணம் எப்படித் தெரியும்?

இனி காயம். களத்தில் இருக்கும் நிலைய அலுவலர் முதலில் தலை எண்ணட்டும். யார் வெளியே வந்தார், யார் வரவில்லை என்று. காயம்பட்டவர் பெயர் வயர்லெஸ்ஸில் போகக் கூடாது. கன்ட்ரோல் ரூமுக்கு போனில் சொல்லட்டும். அங்கிருந்து வீட்டுக்குப் போகும் ஆட்களுக்குத் தகவல். உங்களுக்கும் அப்போதே வரும், வர வேண்டும். ஆனால் அது வெளியே விடுவதற்காக அல்ல, வெளியே விடாமல் காப்பதற்காக.

‘பெயரைத்தான் சொல்லவில்லையே, இன்ன ஸ்டேஷன் ஆள் ஒருவருக்குக் காயம் என்று மட்டும் போட்டேன்’ என்று தப்பிக்கவும் முடியாது. ஒரு வண்டியில் போவது ஐந்தாறு பேர். ஸ்டேஷன் பெயரைச் சொன்னால் ஐந்தாறு வீட்டில் ஒரே நேரத்தில் வயிறு கலங்கும். ஆகவே தலை எண்ணி முடிந்ததும் மற்றவர்கள் முறை வைத்து ஆளுக்கு ஒரு நிமிடம் வீட்டுக்குப் பேசட்டும். ‘நான் நல்லா இருக்கேன்’ என்ற மூன்று சொல் போதும். கூடவே, ‘யாருக்கு அடிபட்டது என்று இப்போது கேட்காதே’ என்றும் சொல்லச் சொல்லுங்கள். அந்த வீடுகளுக்குள் ஒரு வாட்ஸ்அப் குழு கட்டாயம் இருக்கும். படங்களிலும் இதே கவனம் வேண்டும். ஸ்ட்ரெச்சரில் முகம், ஹெல்மெட்டில் எண், வண்டியின் பக்கவாட்டில் ஸ்டேஷன் பெயர், மூன்றில் எது தெரிந்தாலும் அது பெயர் சொன்னதற்குச் சமம்.

வீட்டுக்கு யார் போவது? இரண்டு பேர். ஒருவர் அதிகாரி, இன்னொருவர் அதே ஸ்டேஷனில் அவரோடு வேலை பார்ப்பவர், அந்த வீட்டில் ஒருமுறையாவது சாப்பிட்டவர். போனில் சொல்லவே கூடாது. வெளியூரில் இருந்தால் அந்த ஊர் ஸ்டேஷனிலிருந்து ஆள் போகட்டும். வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்துங்கள். சிவப்பு வண்டி வாசலுக்கு வந்தால் கதவைத் திறப்பதற்கு முன்பே தெரு கூடிவிடும். உள்ளே போனதும் நேராகச் சொல்ல வேண்டும்: கையில் தீக்காயம், நினைவோடு இருக்கிறார், இன்ன மருத்துவமனை, இன்ன வார்டு, எங்களோடு வாருங்கள். ‘ஒன்றுமில்லை, சின்னக் காயம்’ என்று எக்காரணம் கொண்டும் சொல்லக் கூடாது. அங்கே போய்ப் பெரிய கட்டோடு பார்த்தால் அதற்குப் பிறகு துறை சொல்லும் எதையும் அந்தப் பெண் நம்ப மாட்டாள். கிளம்பும்போது அடுப்பை அணைத்தாரா என்று பாருங்கள். குக்கரை ஏற்றிவைத்துவிட்டு அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு ஓடுகிறவர்கள்தான் அதிகம். இதை உங்கள் துறைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதெல்லாம் அந்த நேரத்தில் தேடினால் கிடைக்காது. ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். அதில் அவரே கைப்பட எழுத வேண்டும்: முதலில் யாரிடம் சொல்ல வேண்டும், அவர் இல்லாவிட்டால் யார், வீட்டுக்கு அடையாளம், வீட்டில் நோயாளி உண்டா, பிள்ளைகளை எந்தப் பக்கத்து வீட்டில் விடலாம், யாரிடம் சொல்லவே கூடாது. இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுவார்கள். மனைவிக்கும் அம்மாவுக்கும் பேச்சுவார்த்தை இல்லாத வீடு எத்தனையோ உண்டு. அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு வந்தால் மனைவிக்குச் சேதி மறுநாள் போய்ச் சேரும். உறையில் போட்டு ஒட்டி நிலைய அலுவலர் பொறுப்பில் பூட்டி வையுங்கள். வருடம் இரண்டு தடவை, ஜனவரியிலும் ஜூலையிலும், பிரித்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். வாடகை வீடு மாறுகிறவர்களுக்குப் பழைய விலாசத்தில் கதவு தட்டிப் பயனில்லை.

அந்த இருவர் வீட்டை விட்டுக் கிளம்பி ‘சொல்லியாயிற்று’ என்று போன் செய்த பிறகுதான் காயச் செய்தி வெளியே போக வேண்டும். பெயர் போகலாமா என்று வீட்டாரிடம் கேளுங்கள். அதற்குள் யாரோ வீடியோ எடுத்து விட்டிருந்தால்? விட்டிருப்பார்கள். நீங்கள் உறுதி செய்யாதீர்கள். சேனல் டெஸ்க்கை நேரே கூப்பிட்டு, ‘வீட்டுக்கு இன்னும் சொல்லவில்லை, பெயரை எடுங்கள்’ என்று கேளுங்கள். பெரும்பாலும் எடுப்பார்கள். அவர்களுக்கும் வீடு இருக்கிறது. இந்த முறையைத் தீ இல்லாத ஒரு நாளில் நிருபர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டால் அன்றைக்குச் சண்டை வராது.

மேலதிகாரி பாராட்டியதை ஒதுக்கி வையுங்கள். அவர் பார்த்தது ஆறு நிமிடத்தை மட்டும்தான். இதையெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதி அவர் கையெழுத்தோடு சுற்றறிக்கையாக்குங்கள். இல்லாவிட்டால் அடுத்த தீயில் அவரே ‘பெயர் என்ன, சீக்கிரம் போடுங்கள்’ என்று உங்களை அவசரப்படுத்துவார்.

ரீல்ஸ் பற்றி: ஏப்ரல் 14ஐத் தீத்தொண்டு நாளாக வைத்ததே 1944இல் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்து 66 தீயணைப்பு வீரர்கள் வீடு திரும்பாமல் போனதால்தான். பின்னணி இசை போட்டு ஸ்லோமோஷனில் நடந்து வர வேண்டாம். எரியும் எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்று பாதுகாப்பாகச் செய்து காட்டுங்கள். தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய் ஆவியாகி, எரியும் எண்ணெயை மேலே தூக்கி வீசும். அடுப்பை அணைத்து, தட்டால் மூடு என்று முடியுங்கள். இன்னொன்று கேஸ் கசிவு. காற்றைவிடக் கனமானது, தரையில் படுத்திருக்கும். சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவைத் திறந்து, வெளியே போய் 1906க்குப் போன் செய்ய வேண்டும். பேசுவது உங்கள் ஸ்டேஷன் ஆளாக இருக்கட்டும், நடிகர் வேண்டாம். ஆனால் இப்போது போய்க் கேட்டால் ஒருவரும் கேமரா முன் நிற்க மாட்டார்கள். அதனால் இதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கலந்துரையாடல் வேண்டாம். சமோசா வாங்கி வைத்து மைக் பிடித்தால் வந்த வேகத்தில் போய்விடுவார்கள். முதலில் அந்த வீட்டுக்குப் போங்கள். ஒரு மாதம் ஆகிவிட்டது, இன்னும் போகவில்லை என்று உங்கள் கடிதம் எழுதப்பட்ட விதத்திலேயே தெரிகிறது. சால்வை, பழக்கூடை, போட்டோகிராபர் எதுவும் கூடாது. போனை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பெண்ணிடம், ‘பெயரைப் போட்டது நான்தான், உங்களிடம் சொல்லாமல் போட்டது என் தப்பு’ என்று சொல்லுங்கள். ‘தகவல் பரிமாற்றத்தில் குறைபாடு’ என்று பிரஸ் நோட் பாஷை பேசாதீர்கள். அவர் திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். மறுநாள் காலை அவருடைய ஸ்டேஷனில் ரோல் காலின்போது நின்று அதே இரண்டு வரியைச் சொல்லுங்கள். விளக்கம் கொடுக்காமல் அட்டைகளை மேஜையில் வைத்துவிட்டு வாருங்கள்.

அந்த வீட்டில் இன்னொன்றும் கேளுங்கள். கையில் தீக்காயம் என்றால் டிரஸ்ஸிங் மாற்ற மருத்துவமனைக்கு அடிக்கடி போக வேண்டியிருக்கும். கட்டோடு வண்டி ஓட்ட முடியாது, சோறு பிசைய முடியாது. யார் கூட்டிப்போகிறார்கள், அந்த நேரத்தில் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று விசாரித்து, அடுத்த டிரஸ்ஸிங்குக்கு உங்கள் ஜீப்பை அனுப்புங்கள்.