வீட்டிலிருந்து வேலை: சம்பளக்காரரா, கன்சல்டன்டா?

(பதில்கள் 2025-26 நிதியாண்டு வருமானத்துக்கானவை, பிரிவு எண்கள் 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டப்படி.)

கேள்வி: சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. வீட்டிலேயே காலை 9 முதல் மாலை 6 வரை லாகினில் இருக்க வேண்டும். லேப்டாப் கம்பெனி கொடுத்தது. மாதம் 45,000 ரூபாய் பேசி, 10% பிடித்துக்கொண்டு 40,500 போடுகிறார்கள். பி.எஃப். கிடையாது. ஃபார்ம் 16 (சம்பளத்தில் வரி பிடித்ததற்கான சான்று) கேட்டால், ‘நீங்கள் கன்சல்டன்ட்’ என்கிறார்கள். நான் ஊழியர் இல்லையா?

பதில்: வரிக்கும் வேலை உரிமைக்கும் அளவுகோல் தனித்தனி. முதலில் வரி. வருமான வரித் தளத்தில் உங்கள் 26ஏஎஸ் படிவத்தை (உங்கள் பெயரில் பிடித்த வரியின் பட்டியல்) திறந்து, எந்தப் பிரிவில் பிடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். 192 என்றால் சம்பளம். 10% பிடித்தம் பெரும்பாலும் 194ஜே, அதாவது தொழில்முறைக் கட்டணம். அப்படியானால் உங்களுக்கு வர வேண்டியது ஃபார்ம் 16ஏ, அதாவது சம்பளம் அல்லாத பணத்தில் வரி பிடித்ததற்கான சான்று.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். மாதாமாதம் வருகிற பணம்தானே என்று சம்பளமாகக் காட்டி, சம்பளக்காரர்கள் போடும் ரிட்டர்ன் படிவமான ஐ.டி.ஆர்.-1 போட்டுவிடுகிறார்கள். 26ஏஎஸ் ஒன்று சொல்ல, ரிட்டர்ன் வேறொன்று சொன்னால், குறைபாடுள்ள ரிட்டர்ன் என்று 139(9) நோட்டீஸ் வரலாம். திருத்த 15 நாள்தான். உங்களுக்குப் பொருந்துவது ஐ.டி.ஆர்.-4 படிவம், பிரிவு 44ஏ.டி.ஏ. (செலவுக் கணக்கு காட்டாமல், வரவில் பாதியை வருமானமாகக் காட்ட விடும் பிரிவு). தகவல் தொழில்நுட்பம் அந்தப் பிரிவின் பட்டியலில் இருக்கிறது. (டேட்டா என்ட்ரி இல்லை, அந்த வேலை செய்பவர்கள் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம்.) ஆண்டு வரவு 5,40,000. குறைந்தபட்சம் அதில் பாதியை, 2,70,000 ரூபாயை, வருமானமாகக் காட்ட வேண்டும். வேறு வருமானம் இல்லையென்றால் புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரியே இல்லை. பிடித்த 54,000 ரூபாய் முழுவதும் ரீஃபண்ட். ரிட்டர்ன் போட்டால்தான் வரும். சம்பளக்காரர்களுக்கான 75,000 நிலைக்கழிவை (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) மட்டும் இதில் கேட்காதீர்கள்.

இனி உரிமை. ஒப்பந்தத்தில் ‘கன்சல்டன்ட்’ என்று எழுதிவிட்டால் மட்டும் விஷயம் முடிந்துவிடாது. நேரத்தை யார் வைக்கிறார்கள், கருவி யாருடையது, உங்களுக்குப் பதில் இன்னொருவரை அனுப்பலாமா, வேறு கம்பெனி வேலை எடுக்கலாமா என்றெல்லாம் பார்ப்பார்கள். வீட்டில் பீடி சுற்றுபவர்களும் பி.எஃப். சட்டப்படி ஊழியர்களே என்று 1986-ல் பி.எம். படேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தரமில்லாத பீடியைக் கழிக்கும் உரிமை முதலாளியிடம் இருப்பதையே கட்டுப்பாடாக அது எடுத்துக்கொண்டது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்கள் பக்கம் வலுவாகவே இருக்கிறது. ஆனால் ஊழியர் என்று ஆனாலும், இதுவரை பி.எஃப். கணக்கே இல்லாதவராக இருந்து, பி.எஃப். கணக்கிடும் சம்பளம் 15,000-ஐத் தாண்டினால், பி.எஃப். கட்டாயமில்லை. லாகின் பதிவு, லீவு கேட்ட மெயில், லேப்டாப் ஒப்படைத்த ரசீது மூன்றையும் இப்போதே எடுத்து வையுங்கள். வேலையை விட்ட அன்றே கம்பெனி மெயில் பூட்டப்பட்டுவிடும்.

கேள்வி: வெளிநாட்டு நிறுவனத்துக்கு இங்கிருந்தே புரோகிராம் எழுதுகிறேன். ஆண்டுக்கு 30 லட்சம். அவர்கள் எதுவும் பிடிப்பதில்லை. வரி உண்டா?

பதில்: உண்டு. இந்தியாவில் வசிப்பவருக்கு எந்த நாட்டுப் பணமும் இங்கே வரிக்குரியதே. 44ஏ.டி.ஏ. எடுத்தால் வருமானம் 15 லட்சம். புதிய முறையில் செஸ் சேர்த்து வரி 1,09,200. யாரும் பிடிக்காததால் முழுவதையும் மார்ச் 15-க்குள் முன்கூட்டிய வரியாக நீங்களே கட்ட வேண்டும். இந்தப் பிரிவில் இருப்பவருக்கு ஒரே தவணைதான். தவறினால் ஏப்ரலிலிருந்து மாதம் 1% வட்டி ஏறும், மார்ச் தவணைக்கு இன்னொரு 1% தனி.

வரவு 20 லட்சத்தைத் தாண்டுவதால் ஜி.எஸ்.டி. பதிவும் அவசியம். அதை மறப்பவர்கள்தான் அதிகம். ஏற்றுமதிச் சேவைக்கு வரி பூஜ்யம்தான். வரி கட்டாமல் அனுப்ப, ஒவ்வொரு நிதியாண்டும் ஆர்.எஃப்.டி.-11 படிவத்தில் எல்.யூ.டி. என்ற உறுதிமொழிக் கடிதம் கொடுக்க வேண்டும். பணம் அந்நியச் செலாவணியாக வந்ததற்கு வங்கியிடம் சான்று வாங்கி வையுங்கள்.

கேள்வி: நிரந்தர ஊழியர். வீட்டு கரண்ட் பில், இன்டர்நெட், நாற்காலி வாங்கிய செலவைச் சம்பளத்தில் கழிக்கலாமா?

பதில்: முடியாது. நிலைக்கழிவு (புதிய முறையில் 75,000, பழைய முறையில் 50,000) எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். இன்டர்நெட் பில்லைக் கம்பெனியிடம் கொடுத்து, சம்பளத்துக்கு வெளியே ஈடாக வாங்க முடியுமா என்று எச்.ஆரிடம் கேட்டுப் பாருங்கள்.