பழைய சொகுசு கார்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை 15, 20 வயதான பெரிய கார்களைப் பற்றியவை. எல்லாவற்றையும் ஒருசேரப் படித்தபோது ஒன்று தெரிந்தது: எழுதியவர்களில் எவருடைய இன்ஜினும் தேய்ந்துபோகவில்லை. கெட்டுப்போனவை எல்லாம் ரப்பர், பிளாஸ்டிக், உள்ளே ஓடும் திரவங்கள், அப்புறம் ஒயர்கள். இரும்பு கிலோமீட்டர் கணக்கில் தேய்கிறது. ரப்பரும் பிளாஸ்டிக்கும் கார் ஓடினாலும் நின்றாலும் வருடக் கணக்கில் கெடுகின்றன. கீழே உள்ள பதில்களில் பாதி இதிலிருந்துதான் வருகின்றன.

கேள்வி: 18 வருடப் பழைய ஜெர்மன் செடான் ஒன்று விலைக்கு வருகிறது. ஒரே உரிமையாளர், 60,000 கி.மீ. மட்டுமே ஓடியிருக்கிறது. வாங்கலாமா?

பதில்: 60,000 என்ற எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். வருடத்துக்கு 3,500 கி.மீ.கூட ஓடாத கார் அது. அதிகம் நின்ற காரில் ஆயில் சீல்கள் காய்ந்துபோகும், பிரேக் பேடை டிஸ்கில் அழுத்தும் கேலிப்பர் இறுகும், டயர் பார்க்கப் புதிதாக இருந்தாலும் உள்ளே வெடிப்பு விட்டிருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் அச்சாகியிருக்கும். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்த டயர். அதை முதலில் படியுங்கள், கார் எப்படிப் பராமரிக்கப்பட்டது என்பது அங்கேயே பாதி தெரிந்துவிடும்.

போய்ப் பார்க்கும்போது இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். டைமிங் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் தேய்ந்திருந்தால் வரும் சத்தம், வால்வ் சீலிலிருந்து வரும் நீலப் புகை எல்லாம் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் முதல் சில நொடிகளில்தான் தெரியும். பிறகு எல்லா சுவிட்சையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். கார் விலை இறங்கியிருக்கலாம், ஆனால் அதன் பாகங்கள் இன்றைக்கும் பெரிய காரின் விலையில்தான் கிடைக்கும். என்னைக் கேட்டால், 1,60,000 கி.மீ. ஓடி, செய்த வேலைகளுக்கெல்லாம் ரசீது வைத்திருக்கும் காரைத்தான் எடுப்பேன்.

கேள்வி: என்னுடையது பிஎம்டபிள்யூ இ39, 2001 மாடல். நெரிசலில் நிற்கும்போது சூடாகிறது, ஓடத் தொடங்கினால் சரியாகிவிடுகிறது. ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் சீல்) போய்விட்டது, இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக்.

பதில்: பிரிக்கச் சம்மதிக்காதீர்கள். நின்றால் சூடு, ஓடினால் சரி என்பது பெரும்பாலும் காற்றோட்டக் குறை. ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது, நிற்கும்போது ஃபேன்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். இன்ஜினோடு சுற்றும் ஃபேனை, சூடு ஏறும்போது இன்ஜினோடு இணைக்கும் விஸ்கஸ் கிளட்ச் பிடிக்காமல் போயிருக்கலாம், அல்லது முன்னால் இருக்கும் மின்விசிறி ஓடாமல் இருக்கலாம். ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே தூசியும் பூச்சியும் கெட்டியாக அடைந்திருப்பதும் உண்டு. இந்த மூன்றையும் அரை நாளில் பார்த்துவிடலாம்.

ஹெட் கேஸ்கெட் சந்தேகம் தீர ஒரு எளிய சோதனை இருக்கிறது. கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) தொட்டியின் வாயில் வைக்கும் குழாயில் ஒரு நீல நிறத் திரவம் இருக்கும். எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் வந்துகொண்டிருந்தால் அது மஞ்சளாக மாறும். இந்தச் சோதனை செய்யாமல் ஹெட்டைக் கழற்றச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

இந்த மாடலில் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். வெப்பமானி முள் நடுவில் நிற்பதை நம்பி ஓட்டக் கூடாது. பரந்த வெப்பநிலை வரம்பு முழுவதும் அந்த முள் நடுவிலேயே அசையாமல் நிற்கும்படி செய்திருக்கிறார்கள். அது நகரத் தொடங்கும்போதே நிலைமை மோசம் என்று அர்த்தம். உடனே ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள். "இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே" என்று நான் ஒருமுறை ஓட்டிப்போனதில் அலுமினிய ஹெட் வளைந்து, இன்ஜினை முழுவதும் பிரிக்கவேண்டி வந்தது. அன்றைக்கு உடைந்தது ஹோஸ் சொருகும் ஒரு சின்ன பிளாஸ்டிக் கழுத்து, அவ்வளவுதான்.

அதனால் ஃபேன் சரியானதும் கூலன்ட் தொட்டி, ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ஹோஸ்கள் எப்போது மாற்றப்பட்டன என்று கேளுங்கள். தெரியாது என்றால் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றிவிடுங்கள். ஒரே வயதுடைய பிளாஸ்டிக்குகள் ஒன்றன் பின் ஒன்றாக உடையும், ஒவ்வொரு முறையும் நடுவழியில்தான். கார் கம்பெனி சொல்லும் கூலன்ட்டை டிஸ்டில்டு வாட்டரில் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றி, காற்றுக் குமிழி வெளியேறும்வரை பிளீட் ஸ்க்ரூவை (காற்றை வெளியே விடும் திருகு) திறந்து வைக்க வேண்டும். நிறம் ஒன்றாக இருப்பதால் இரண்டு கூலன்ட்டும் ஒரே வகை என்று நினைக்காதீர்கள். நிறத்துக்குப் பொது விதி எதுவும் கிடையாது.

கேள்வி: ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸில் ஆயுளுக்கும் எண்ணெய் மாற்ற வேண்டாம் என்று கார் கையேட்டில் இருக்கிறது. மாற்றினால் கெட்டுவிடும் என்றும் சிலர் சொல்கிறார்கள்.

பதில்: யாருடைய ஆயுள் என்று கேட்க வேண்டிய இடம் இது. பல சொகுசு கார்களுக்கு கியர் பாக்ஸ் செய்து கொடுக்கும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், அல்லது அதிகபட்சம் 8 வருடத்துக்குள் எண்ணெயை மாற்றச் சொல்கிறது. செய்தவர் சொல்வதைக் கேளுங்கள்.

மாற்றினால் கெட்டுவிடும் என்ற பயம் எங்கிருந்து வருகிறது என்றால், கியர் நழுவ ஆரம்பித்த பிறகு கடைசி முயற்சியாக எண்ணெய் மாற்றியவர்களிடமிருந்து. உள்ளே கிளட்ச் கருகிவிட்டால் புது எண்ணெய் அதைக் குணமாக்காது, பழி மட்டும் அதன்மேல் விழும். இப்போது கியர் ஒழுங்காக மாறுகிறது என்றால் தைரியமாகச் செய்யுங்கள். ஃபில்டரையும் கேஸ்கெட்டையும் சேர்த்து மாற்றுங்கள். அளவு பார்ப்பதில்தான் அதிகம் தவறு நடக்கிறது: எண்ணெயின் வெப்பநிலை கையேட்டில் சொன்ன வரம்பில் இருக்க, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, கார் சமதளத்தில் நிற்க வேண்டும். காரின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஸ்கேனரில் வெப்பநிலையைப் படிக்காமல் செய்தால் அரை லிட்டர் கூடிவிடும் அல்லது குறைந்துவிடும்.

1996இல் வந்த மெர்சிடிஸின் 5 கியர் 722.6 பாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பக்கவாட்டில் ஒயர் சொருகும் கனெக்டரின் ஓ-ரிங் கசிந்தால் எண்ணெய் ஒயர்களுக்குள்ளேயே ஏறி கம்ப்யூட்டர் வரை போய்விடும். எண்ணெய் மாற்றும்போதே அந்தக் கனெக்டரையும் புதிதாகப் போட்டுவிடுங்கள்.

கேள்வி: மெர்சிடிஸ் டபிள்யூ211, 2004 மாடல். பிரேக் பேட் நானே மாற்றலாமா? மற்ற கார்களில் மாற்றியிருக்கிறேன்.

பதில்: ஸ்கேனர் இல்லாமல் கைவைக்காதீர்கள். அந்த வருடக் கார்களில் உள்ள எஸ்பிசி என்ற மின்னணு பிரேக்கில் அழுத்தம் மின்பம்பிலிருந்து வருகிறது. கதவைத் திறந்தாலோ ரிமோட்டை அழுத்தினாலோ பம்ப் விழித்துக்கொண்டு கேலிப்பரை அழுத்தும். விரல் உள்ளே இருந்தால் நசுங்கிவிடும். முதலில் ஸ்கேனர் மூலம் அதைச் செயலிழக்கச் செய்ய வேண்டும்.

எந்தக் காராக இருந்தாலும் பிரேக் ஆயிலை 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்தக் குறைந்தபட்ச அளவு 155 டிகிரிதான். மலைப் பாதையில் இறங்கும்போது இந்த வித்தியாசம் உங்கள் காலுக்குத் தெரியும்.

கேள்வி: ஏர் சஸ்பென்ஷன் கார். காலையில் பார்த்தால் முன்பக்கம் இடது மூலை மட்டும் இறங்கியிருக்கிறது. ஸ்டார்ட் செய்தால் எழுந்துவிடுகிறது. ஸ்பிரிங்காக மாற்றிவிடலாமா?

பதில்: எழுந்துவிடுகிறதே என்று விட்டுவைப்பதுதான் தவறு. கசியும் காற்றை ஈடுகட்ட கம்ப்ரஸர் ஓயாமல் ஓடுகிறது. அப்படியே சில மாதம் ஓடினால் கம்ப்ரஸர் எரிந்துபோகும், ஒரு செலவு இரண்டாகும். சோப்புத் தண்ணீரை ஏர் பையிலும் குழாய் இணைப்பிலும் தெளித்துப் பாருங்கள், கசியும் இடத்தில் நுரை பொங்கும். ஒரு பை போயிருந்தால் அதே அச்சில் இருக்கும் மற்றதற்கும் அதே வயதுதான். கூடவே கம்ப்ரஸரின் ரிலேயையும் மாற்றிவிடுங்கள். ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டுதான் பல கம்ப்ரஸர்கள் எரிகின்றன.

ஸ்பிரிங் போடுவதில் பாவம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் காரை வாங்கியதே அது மிதக்கிற விதத்துக்காகத்தானே? காசு ஒத்துவந்தால் காற்றையே வைத்துக்கொள்ளுங்கள். எதுவானாலும் ஸ்டாண்ட் வைக்காமல், ஜாக்கியை மட்டும் நம்பி இந்தக் காருக்கு அடியில் படுக்காதீர்கள்.

கேள்வி: நாலு நாள் நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடுகிறது. புதுப் பேட்டரி போட்டும் அதே கதை.

பதில்: பேட்டரி குற்றவாளி அல்ல, யாரோ அதைக் குடிக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிறுத்திய காரில் எல்லா கம்ப்யூட்டர்களும் தூங்கிய பிறகு 50 மில்லி ஆம்பியருக்குள் இழுப்பது இயல்பு. ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி, 80 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு மாதம் கழித்தும் பாதி மிச்சம் வைத்திருக்கும். உங்களுடையது 4 நாளில் இறங்குகிறது என்றால் அரை ஆம்பியருக்கு மேல் போய்க்கொண்டிருக்கிறது. ஏதோ ஒரு கம்ப்யூட்டர் தூங்காமல் இருக்கிறது.

தேடும் முறை முக்கியம். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அதன் பூட்டை மட்டும் ஸ்க்ரூடிரைவரால் சாத்திவிடுங்கள், கதவு மூடியதாகக் கார் நினைத்துக்கொள்ளும். 40 நிமிடம் பொறுங்கள். பிறகு ஃபியூஸைப் பிடுங்காதீர்கள்! பிடுங்கித் திரும்பச் சொருகும்போது தூங்கியதெல்லாம் எழுந்துவிடும். மல்டிமீட்டரை மில்லி வோல்ட்டில் வைத்து, ஃபியூஸின் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளிலும் முனைகளை வைத்துப் பாருங்கள். மின்சாரம் ஓடாத ஃபியூஸில் பூஜ்யம் காட்டும், ஓடும் ஃபியூஸில் ஒரு சின்ன எண் வரும். அந்த ஒயரைப் பின்தொடர்ந்து போனால் ஆள் அகப்படுவார். நான் அதிகம் பார்த்தவை: டிக்கி விளக்கு, ஆம்ப்ளிஃபையர், ஈரம் புகுந்த சீட் கம்ப்யூட்டர், ஒட்டிக்கொண்ட ஃபேன் ரிலே.

கேள்வி: காருக்குள் ஈர நாற்றம். கால் வைக்கும் கார்பெட் நனைந்திருக்கிறது.

பதில்: சன்ரூஃப் இருந்தால் முதலில் அதன் நான்கு மூலையிலும் உள்ள வடிகால் துளைகளைப் பாருங்கள். இலைத் துணுக்கு அடைத்தால் தண்ணீர் உள்ளே வழியும். மெல்லிய நைலான் கம்பியை விட்டுக் குத்துங்கள். ஏர் கம்ப்ரஸரால் ஊதினால் உள்ளே குழாய் கழன்றுவிடும். கார்பெட்டை முழுவதும் தூக்கிக் காயவையுங்கள், பல கார்களில் அதற்கடியில்தான் கம்ப்யூட்டர்களும் ஒயர் இணைப்புகளும் இருக்கின்றன. முந்தைய கேள்வி கேட்டவரும் இதைப் படிக்கட்டும்.

கேள்வி: 100 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் நடுங்குகிறது. டிஸ்க் இரண்டு முறை மாற்றியாகிவிட்டது.

பதில்: டிஸ்கில் இருந்த சின்னக் கோணலைப் பெரிதாக்கிக் காட்டுவது, சக்கரத்தைத் தாங்கும் கன்ட்ரோல் ஆர்மின் தேய்ந்த ரப்பர் புஷ்கள். உள்ளே திரவம் நிரப்பிய புஷ் என்றால் கசிந்த கறை தெரியும். மாற்றும்போது மெக்கானிக்கிடம் ஒன்றை வலியுறுத்துங்கள்: கடைசி முறுக்கைக் கார் தன் எடையில் சக்கரத்தின்மேல் நிற்கும் உயரத்தில்தான் கொடுக்க வேண்டும். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கியபடியே வேலைசெய்து சீக்கிரம் கிழிந்துவிடும். புது புஷ் உழைக்கவில்லை என்ற புகார்களில் பல இப்படி வந்தவை.

கேள்வி: வருடாவருடம் ஏசி கேஸ் நிரப்புகிறேன். சரிதானே?

பதில்: சரியில்லை. நன்றாக இருக்கும் ஏசியில் ஒரே வருடத்தில் கேஸ் தீராது. புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயம் ஏற்றி, கசிவைக் கண்டுபிடித்து அடைத்த பிறகு நிரப்புங்கள்.

கேள்வி: அப்பா ஆசையாக வாங்கிய கார். அவர் போன பிறகு 6 வருடமாக ஷெட்டிலேயே நிற்கிறது. மறுபடி ஓட்ட வேண்டும். புது பேட்டரி போட்டு ஸ்டார்ட் செய்து பார்க்கவா?

பதில்: வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். இந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அவசரப்பட்டு ஒரே நாளில் அந்த இன்ஜினைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறங்கள். எலி கூடு கட்டியிருக்கும், ஒயரையும் கடித்திருக்கும். டேங்கில் உள்ள பழைய பெட்ரோலை முழுவதும் இறக்குங்கள், 6 வருடத்தில் அது வார்னிஷ் போல ஆகி இன்ஜெக்டரை அடைக்கும். இன்ஜின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு ஒரு நாள் ஊறவிடுங்கள். மறுநாள் கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். தடையில்லாமல் சுற்றினால் பாதிக் கவலை தீர்ந்தது. டைமிங் பெல்ட் உள்ள இன்ஜின் என்றால் ஸ்டார்ட் செய்யும் முன்பே புது பெல்ட் போடுங்கள். பல இன்ஜின்களில் அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். பிறகு எரிபொருள் பம்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு, பிளக் இல்லாமலே செல்ஃப் அடியுங்கள். ஆயில் அழுத்த விளக்கு அணைந்த பிறகுதான் பிளக்கையும் ஃபியூஸையும் திரும்பப் போட வேண்டும்.

இன்ஜின் ஓடிவிட்டது என்று உடனே தெருவில் இறக்காதீர்கள். பிரேக் ஆயில் புதிது, கேலிப்பர்கள் இறுகாமல் பிடியை விடுகின்றன, டயர் புதிது என்று உறுதியான பிறகு தெருமுனை வரை மட்டும் போய் வாருங்கள். திரும்பி வந்ததும் காருக்கடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து வையுங்கள். காலையில் அதில் சொட்டு விழுந்திருந்தால் எந்த இடத்தில், என்ன நிறத்தில் என்று பாருங்கள். கறுப்பு இன்ஜின் ஆயில், சிவப்பு பெரும்பாலும் கியர் பாக்ஸ் அல்லது பவர் ஸ்டீயரிங், வழவழப்பான பச்சை, நீலம், இளஞ்சிவப்பு என்றால் கூலன்ட். அட்டையைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், அடுத்து என்ன செய்வது என்று சேர்ந்தே பார்ப்போம்.