அந்தக் கடிதத்தின் இரண்டாவது வரி

திருகோணமலை மாவட்டத்து ஈச்சிலம்பற்றிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். கணவர் ஒரு கொந்தராத்துக்காரரிடம் நாள்கூலிக்கு நின்றவர். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வெருகல் பக்கம் மகாவலி வெள்ளம் ஏறிய இரவு, கரண்ட் இல்லாமல் நின்ற போன் டவரின் ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுபோன உழவு இயந்திரம் நீரில் இழுபட்டு அவர் இறந்துவிட்டார். வேலை இடத்து முகாமையாளர் செத்தவீட்டுக்கு வரவில்லை. "குடித்துவிட்டுப் போனவன்" என்று கொந்தராத்துக்காரர் ஊரெல்லாம் சொல்கிறார். இப்போது 5 லட்சம் தருகிறோம், இதில் கையெழுத்து வையுங்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம். மாமியார் வாங்கச் சொல்கிறார். வழக்குப் போட்டு அவர்களைக் கோர்ட்டில் நிறுத்த வேண்டும் என்கிறார் தங்கச்சி.

தங்கச்சி, உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் செத்தவீட்டுக்கு வராததற்கும் வாய்க்கு வந்ததைப் பேசியதற்கும் சட்டத்தில் விலை இல்லை. நாள்கூலி என்பதும் தடையில்லை. வேலை விபத்துகளுக்கு நட்டஈட்டைத் தீர்மானிக்கும் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளர் பார்ப்பது ஒன்றைத்தான்: வேலையின்போது, வேலையின் காரணமாக நடந்த விபத்தா? உங்கள் விடயத்தில் அதன் பொருள், அந்த இரவில் அவரை அந்தப் பாதையால் அனுப்பியது யார் என்பது. குடித்திருந்தார் என்ற வாதம் காயத்துக்கு எடுபடலாம், மரணத்துக்கு எடுபடாது. அதை விட்டுவிடுங்கள்.

நீங்கள் அனுப்பிய கடிதத்தை வாசித்தேன். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற கடைசி வரிதான் உங்களைப் பயமுறுத்தியிருக்கிறது. அந்த வரி வெறும் காகிதம். நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்குவது செல்லாது. இறந்தவருக்கான நட்டஈட்டை முதலாளி ஆணையாளரிடம்தான் கட்ட வேண்டும், நேரே கையில் தந்தது நட்டஈடாகக் கணக்கில் வராது. என்னைப் பயமுறுத்துவது இரண்டாவது வரி: "அன்று வேலை நிறுத்தப்பட்டிருந்தது, இறந்தவர் தன் சொந்த விருப்பத்தில் சென்றார்." இது விட்டுக்கொடுப்பு அல்ல, நடந்தது இதுதான் என்று நீங்களே தரும் சாட்சி. அதில் மனைவியின் கையெழுத்து இருந்தால், விசாரணையில் முதலில் உங்கள் முன்னால் நீட்டப்படுவது அதுதான்.

பல வருடங்களுக்கு முன், மூதூர்ப் பக்கம் காற்றில் விழுந்த மரம் வெட்டப்போய் இறந்த ஒருவரின் மனைவிக்காக ஆஜரானேன். திடீர் மரண விசாரணை அதிகாரியிடம் அழுதுகொண்டே அந்த மனைவி சொன்னது: "போகவேண்டாம் என்று சொன்னேன், அவர்தான் கேட்காமல் போனார்." எந்த மனைவியும் சொல்லக்கூடியது. எதிர்த்தரப்பு அதை 'யாரும் அனுப்பவில்லை' என்று வாசித்தது. சரிசெய்வதற்குள் பெரும்பாடு பட்டோம். நீங்கள் என்ன வாக்குமூலம் கொடுத்தீர்கள் என்று எழுதவில்லை. அதன் பிரதியை எடுங்கள். அப்படி ஒரு வார்த்தை இருந்தால், "போன் வந்தது, அதனால்தான் போனார்" என்பதை இப்போதே சாட்சிகளோடு பக்கத்தில் வைக்க வேண்டும்.

அவருடைய போன் எங்கே? நனைந்து போயிருந்தாலும் எறியாதீர்கள், சிம் இணைப்பையும் துண்டிக்காதீர்கள். அன்று மாலை வந்த அழைப்புகளும் குரல் செய்தியும்தான் உங்கள் வழக்கு. டீசல் எடுத்த இடத்துப் பற்றுச்சீட்டு, கூடப் போய்த் தப்பிய பொடியனின் வாக்குமூலம் இரண்டும் அடுத்தது. அந்தப் பொடியன் இன்றும் அதே கொந்தராத்துக்காரரிடம் வேலை செய்கிறான் என்றால் நாளைக்கே போய்ப் பேசுங்கள். ஆறு மாதம் போனால் அவனுக்கு எதுவும் ஞாபகம் இருக்காது.

சம்பளத்திலும் கவனம் வேண்டும். நட்டஈடு சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடப்படும். தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு உச்ச வரம்பு 20 லட்சம். ஊழியர் சேமலாப நிதி (ஈபிஎஃப்) கட்டாத இடங்களில் கூலியைப் பாதியாகக் காட்டுவார்கள். வங்கியில் விழுந்த பணம், கூலி எழுதிய கொப்பி, எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். கொந்தராத்துக்காரர் கையை விரித்தால், அந்த வேலையை அவருக்குக் கொடுத்த நிறுவனத்திடமும் கேட்கலாம்.

அப்புறம், கோர்ட். மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்குப் போட்டால் ஆணையாளரின் கதவு மூடிவிடும், இரண்டில் ஒன்றுதான். அங்கே அவர்களின் கவனக்குறைவையும் நீங்கள் நிரூபிக்க வேண்டும், வருடங்கள் போகும். உங்கள் மூத்த பிள்ளைக்கு நாலு வயது. அவர்களைக் கூண்டில் பார்க்கும் ஆசையை விட்டுவிட்டுச் சமரசத்துக்குப் போங்கள் என்றுதான் சொல்வேன். இப்படியான நிறுவனங்கள் பலவற்றுக்குக் காப்புறுதி இருக்கும், பேசினால் தொகை ஏறும். ஆனால் 5 லட்சத்துக்கு அல்ல, இந்தக் கடிதத்திலும் அல்ல. சரியான சம்பளத்தில் கணக்கிட்ட தொகையை அவர்கள் ஆணையாளரிடம் கட்டட்டும்.

மாமியாரோடு இதற்காகச் சண்டை வேண்டாம். அவரும் மகனின் உழைப்பில் வாழ்ந்தவர் என்றால் அவருக்கும் பங்குண்டு, பிரித்துக் கொடுப்பது ஆணையாளரின் வேலை. அவர் தனியாகப் போய் எதிலும் கையெழுத்து வைக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

2 வருடத்துக்குள் கோரிக்கை பதிவாக வேண்டும், அதாவது 2027 நவம்பர் கடைசிக்கு முன். "பேசிக்கொண்டிருக்கிறோம் தானே" என்று அவர்கள் இழுக்கும் நாட்களும் அதற்குள்தான் அடங்கும். செலவுக்கு வழியில்லை என்றால் திருகோணமலையில் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் இருக்கிறது. மரணச் சான்றிதழ், விவாகப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களோடு அந்தக் கடிதத்தையும் கையெழுத்தில்லாமல் கொண்டுபோங்கள்.