கடலில் போனவருக்கு மோட்சம் உண்டா?

கேள்வி: பாம்பன் பக்கம் எங்கள் ஊர். மூன்று மாதத்துக்கு முன்னால் நாட்டுப்படகு கவிழ்ந்து என் கணவர் கடலோடு போய்விட்டார். உடல் கிடைக்கவில்லை. ஈஸ்டருக்குப் பிறகு அவர் குருவிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) செய்யவில்லை, குடிப்பழக்கமும் இருந்தது. சாகும் நேரத்தில் குரு எண்ணெய் பூசும் அவஸ்தைப்பூசுதல் இல்லை, அடக்கமும் இல்லை. ஜெபக்கூட்டம் நடத்தும் ஒரு அக்கா, ‘அவர் ஆன்மா கரை தெரியாமல் கடல்மேல் அலைகிறது, தரிசனத்தில் பார்த்தேன்’ என்கிறார். நாற்பது நாள் ஜெபத்துக்குப் பணம் கேட்கிறார். காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன். எட்டாவது படிக்கும் மகளோ, ‘மோட்சத்தில் அப்பாவுக்கு நம்மை அடையாளம் தெரியுமா? முடிவே இல்லாமல் இருந்தால் சலிக்காதா?’ என்று கேட்கிறாள்.

பதில்: முதலில் தோட்டைக் கழற்றாதீர்கள், அம்மா. மற்றதை அப்புறம் பேசலாம்.

நான் சொல்வது கத்தோலிக்கத் திருச்சபையின் போதனை. படித்ததும் பாடம் நடத்தியதும் அதைத்தான். சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டண்டு) உறவினர்கள் இறந்தவர்களுக்காக ஜெபிப்பதில்லை என்பார்கள். இறந்தவர்களுக்காக ஜெபிப்பதைச் சொல்லும் மக்கபேயர் நூல் அவர்கள் வேதாகமத்தில் இல்லை, அதனால் அந்தப் பேச்சு வரும். அதில் இப்போது இறங்க வேண்டாம்.

அலைகிற ஆன்மா என்று எங்கள் போதனையில் ஒன்றுமே கிடையாது. இறந்தவர்கள் கடைசித் தீர்வை நாள்வரை கடவுளை நேரே பார்க்க முடியாது என்று 1331இல் ஒரு பாப்பரசரே பிரசங்கம் செய்து குழப்பினார், 22ஆம் ஜான். சாவதற்கு முன் அந்தக் கருத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அவருக்குப் பின் வந்த 12ஆம் பெனடிக்ட் 1336இல் விஷயத்தை முடித்துவைத்தார்: அருள் நிலையில் (கடவுளோடு உறவு முறியாமல்) இறந்தவர்கள் அப்போதே கடவுளைக் காண்கிறார்கள், தூய்மை பெற வேண்டியவர்கள் அது முடிந்ததும் காண்கிறார்கள். உத்தரிக்கிற ஸ்தலம் என்று நாம் சொல்வது அந்தத் தூய்மை பெறும் நிலையைத்தான். அங்கே இருப்பவருக்கு மோட்சம் உறுதி. நரகமும் உண்டுதான். ஆனால் இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று திருச்சபை இதுவரை ஒருவரைப் பற்றியும் அறிவித்ததில்லை. இரண்டாயிரம் வருடமாகச் சபை வாய்திறக்காத விஷயத்தை அந்த அக்கா கண்ணை மூடிய ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுகிறார்.

அடக்கம் இல்லையே என்ற கவலை மிகப் பழையது. 410இல் ரோமாபுரி சூறையாடப்பட்டபோது புதைக்க ஆளில்லாமல் பிணங்கள் கிடந்தன. அப்போது புனித அகுஸ்தீனார் எழுதினார்: அடக்கமும் ஊர்வலமும் உயிரோடு இருப்பவர்களின் ஆறுதலுக்கு, அவை கிடைக்காததால் இறந்தவருக்கு ஒரு குறையும் இல்லை. திருவெளிப்பாடு 20ஆம் அதிகாரத்தில், கடல் தன்னிடம் இருந்த இறந்தோரை ஒப்படைத்தது என்று நேராகவே வருகிறது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடிப் புயலில் ரயிலோடு போனவர்களில் எத்தனை பேருக்குக் கல்லறை இருக்கிறது? அவர்களுக்கு மோட்சம் இல்லை என்று நம் தாத்தா பாட்டி யாரும் சொல்லவில்லையே.

இனி பாவசங்கீர்த்தனம். சாவான பாவம், அதாவது கடவுளோடு உறவை முறிக்கும் பெரிய பாவம், இருந்தால் அதைக் குருவிடம் அறிக்கையிட வேண்டும் என்பதுதான் ஒழுங்கு. இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள், ஏனென்றால் உங்கள் வீட்டுக்கு வேண்டியது அதுதான். சின்ன வயதில் உத்தம மனஸ்தாப மந்திரம் படித்திருப்பீர்கள். ‘உத்தம’ என்ற சொல் அங்கே அலங்காரத்துக்கு இல்லை. நரகத்துக்குப் பயந்து வருந்துவது ஒரு வகை. கடவுளை நேசிப்பதால், அவரை நோகச்செய்துவிட்டோமே என்று வருந்துவது இன்னொரு வகை, இதுதான் உத்தமம். இந்த மனஸ்தாபம் வந்த நொடியிலேயே சாவான பாவமும் மன்னிக்கப்படுகிறது. வாய்ப்புக் கிடைத்ததும் பாவசங்கீர்த்தனம் செய்வேன் என்ற எண்ணம் அதற்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மந்திரத்தை வரி பிசகாமல் சொல்ல வேண்டும் என்றில்லை, மணிக்கணக்கும் தேவையில்லை. ‘ஆண்டவரே, தப்புப் பண்ணிட்டேன்’ என்று தண்ணீருக்குள் நினைத்தாலும் போதும். சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு எந்தச் சாமியாரும் பக்கத்தில் இல்லை. ‘இன்றே என்னோடு பேரின்ப வீட்டில் இருப்பாய்’ என்று இயேசுவிடமிருந்து பதில் கிடைத்தது. உங்கள் கணவர் அப்படி நினைத்தாரா என்று கேட்பீர்கள். கரையிலிருந்து யாருக்கும் தெரியாது. தெரியும் என்று சொல்லிக் காசு கேட்பவரிடமிருந்து விலகி நில்லுங்கள்.

இந்த ஆட்களை எனக்குக் கொஞ்ச நாளாகத் தெரியும். தரிசனக்காரர் ஒரு வகை. கிரகோரியார் பூசை என்று முப்பது நாள் தொடர்ந்து வைக்கும் பூசைகளுக்குத் தூரத்துக் கோயில் பெயரைச் சொல்லி மொத்தமாக வாங்கிக்கொண்டு போகிறவர் இன்னொரு வகை. பூசை நடந்ததா என்று யார் பார்த்தார்கள்? பூசைக் காணிக்கையில் வியாபாரத்தின் சாயல்கூட வரக்கூடாது என்று திருச்சபைச் சட்டம் 947 சொல்கிறது. காணிக்கை கொடுக்க முடியாத ஏழைகளின் கருத்துக்காகவும் குருக்கள் பூசை வைக்கும்படி 945 கேட்டுக்கொள்கிறது. காணிக்கை வசூல்காரர் என்ற பதவியையே ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் 1562இல் ஒழித்துவிட்டது. அவர்கள் இப்போது கூகுள் பேயில் திரும்பி வந்திருக்கிறார்கள்.

நம் ஆட்களும் சும்மா இல்லை. என் சித்தப்பா மகன் கடலில் போனபோது ஒரு பங்கு அலுவலகத்தில், இறப்புச் சான்றிதழ் இல்லாமல் முப்பதாம் நாள் பூசையை எழுத முடியாது என்றார்கள். உடல் கிடைக்காதவர் இறந்ததாகக் கொள்ள அரசுச் சட்டம் பொதுவாக ஏழு வருடம் பார்க்கிறது. பூசை வைக்க அந்த ஏழு வருடம் எதற்கு? உயிரோடு இருப்பவருக்காகவும் பூசை வைக்கலாமே! அன்றைக்கு என் சித்தியைப் படியில் உட்காரவைத்துவிட்டு உள்ளே பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். ஜனங்கள் தரிசனக்காரர் வீட்டுக்குப் போவது இப்படித்தான்.

மகளின் கேள்விகள் நம் கேள்விகளைவிட நல்லவை. அடையாளம் தெரியும். உயிர்த்த இயேசுவைத் தோட்டக்காரர் என்று நினைத்த மதலேன் மரியாள், பேர் சொல்லிக் கூப்பிட்டதும் தெரிந்துகொண்டாள். அப்புறம் அவர் திபேரியாக் கடற்கரையில் கரி நெருப்பு மூட்டி, மீன் சுட்டு, இரவெல்லாம் வலை வீசிக் களைத்தவர்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். யோவான் 21ஆம் அதிகாரம். அவளையே வாசிக்கச் சொல்லுங்கள். மறுமையில் பெண் கொள்வதும் கொடுப்பதும் இல்லை என்று இயேசு சொன்னது உண்மை. அதற்காக உங்கள் கணவர் உங்களை மறந்துவிடுவார் என்று அர்த்தம் இல்லை.

சலிப்பு பற்றி அவள் கேட்டதைப் பாப்பரசர் 16ஆம் பெனடிக்டும் 2007இல் எழுதிய சுற்றுமடலில் கேட்டிருக்கிறார்: முடிவில்லாமல் வாழ்ந்துகொண்டே இருப்பது வரத்தைவிடச் சாபம்போல அல்லவா தெரிகிறது? நித்தியம் என்றால் நாள்காட்டியில் தாள் தீராமல் கிழித்துக்கொண்டே இருப்பது இல்லை என்கிறார். அளவில்லாத அன்பின் கடலில் மூழ்குவதுபோல, முன்னும் பின்னும் இல்லாத ஒரு கணம் என்று எழுதுகிறார். கடல் உங்களுக்கு இப்போது ஆகாத சொல், தெரியும். மகளிடம் வேறு மாதிரி சொல்லுங்கள். அப்பா படகு இன்னும் வரவில்லை என்று கரையில் காத்திருந்த இரவுகளில் ஒவ்வொரு மணியையும் எண்ணியிருப்பாள். படகு கரை தட்டி அவர் இறங்கியபோது மணி என்ன என்று கேட்டாளா?

புது வானமும் புது பூமியும் வரும்போது கடல் இல்லாமல் போகும் என்று திருவெளிப்பாட்டில் இருக்கிறது. ‘கடல் இல்லாத மோட்சம் நமக்கு எதுக்கு?’ என்று மூக்கையூரில் ஒரு பெரியவர் என்னிடம் சண்டைக்கு வந்தார். அந்த நூலில் கடல் அழிவுக்கும் சாவுக்கும் அடையாளம்; ஆளை விழுங்குகிற அது இனி இருக்காது என்பதுதான் பொருள் என்றேன். ‘மீன் இருக்குமா?’ என்றார்.

பங்குச்சாமியிடம் நேரே போய்ப் பூசை கேளுங்கள். உடல் இல்லை என்பது தடையே இல்லை. நவம்பர் 1 முதல் 8 வரை எந்தக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் அவருக்காக வேண்டினாலும் பலன் அவருக்கு உண்டு; அவருக்கென்று ஒரு குழி அங்கே இருக்க வேண்டியதில்லை. அந்த அக்கா மறுபடி வந்தால், ‘தரிசனத்தைச் சாமியார் முன்னால் வந்து சொல்லுங்க அக்கா’ என்று கூப்பிட்டுப் பாருங்கள். வரமாட்டார்.